காப்பர்-டி வைத்திருக்கும்போது கிளமிடியா தொற்று வந்திருக்கிறது. ஊசிக்கு மாறினால் தீருமா?

கேள்வி: சங்ககிரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் வயது 31. இரண்டு குழந்தைகள். கணவர் லாரி ஓட்டுநர். இங்கே லோடு ஏற்றினால் மும்பை, சூரத் என்று போய்விட்டு இருபது, இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். இரண்டாவது பிரசவம் அரசு மருத்துவமனையில் நடந்தபோது, குழந்தை பிறந்த மறுநாளே காப்பர்-டி பொருத்திவிட்டார்கள். மூன்று ஆண்டுகளாக, மாதவிலக்கு கொஞ்சம் கூடுதலாகப் போனதைத் தவிர, அதனால் எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை.

இரண்டு மாதங்களாக உறவுக்குப் பிறகு இரத்தம் சொட்டுச் சொட்டாகப் படுவதையும், வெள்ளைப்படுதல் லேசான மஞ்சள் நிறத்தில் இருப்பதையும் கவனித்தேன். உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தேன், இளநீரும் குடித்தேன். குறையாததால் ஒரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் கருப்பை வாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து அனுப்பியதில், கிளமிடியா இருப்பதாகவும் வெட்டை நோய் (கொனோரியா) கிருமி இல்லை என்றும் முடிவு வந்தது. எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் இல்லை. ஏழு நாளுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்து, கணவரும் மருந்து எடுக்க வேண்டும் என்றார். காப்பர்-டியைப் பற்றி நான் கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "கம்பியை உள்ளே வைத்துக்கொண்டு திரிந்தால் புண்ணாகாமல் என்ன செய்யும்" என்கிறார் மாமியார். அதை எடுத்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசிக்கு மாறிவிடு என்கிறார் நாத்தனார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவோ, தனக்கு இப்படி எந்த நோயும் வந்ததில்லை, ஆபரேஷன்தான் பாதுகாப்பு என்கிறார். இந்தத் தொற்று காப்பர்-டியால்தான் வந்ததா, அதை எடுத்தால்தான் குணமாகுமா, ஊசி, மாத்திரை, ஆபரேஷன் ஆகியவற்றில் எதை எடுத்துக்கொண்டால் இனி இது வராது என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கணவரிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. தொலைபேசியில் பாதி சொன்னபோது, "எனக்கு ஒன்றுமில்லை, நான் எதற்கு மாத்திரை சாப்பிட வேண்டும்" என்று கேட்டார்.

பதில் 1: ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

வணக்கம் அம்மா. கிராம சுகாதாரச் செவிலியராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் சொல்லியிருக்க வேண்டிய முதல் செய்தி, காப்பர்-டி கிளமிடியாவை உண்டாக்காது என்பதுதான். கிளமிடியா ஒரு கிருமி. அது உடலுறவின் வழியாக இன்னொருவரிடமிருந்துதான் வந்தாக வேண்டும். காப்பர்-டி கருப்பைக்குள் இருக்கிறது. கிளமிடியா முதலில் பற்றுவது கருப்பை வாயை. வீட்டுக்குள் மாட்டியிருக்கும் மின்விசிறியைக் காட்டி, வாசலில் வந்து நிற்பவரை இதுதான் அழைத்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை அல்லவா?

ஆனால் உங்கள் மாமியாரின் பயத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. 1965-இல் லூப் என்ற பெயரில் இதுபோல் கருப்பைக்குள் வைக்கும் சாதனம் நம் நாட்டுக்கு வந்தபோது பல இடங்களில் முகாம் போட்டு அவசர அவசரமாகப் பொருத்தினார்கள். பின்னால் இரத்தப்போக்கு, வயிற்றுவலி என்று வந்த பெண்களைக் கவனிக்க ஆளில்லை. அந்தக் கதைகளைக் கேட்டே வளர்ந்தது அவர் தலைமுறை. அமெரிக்காவில் 1971 முதல் 1974 வரை விற்பனையான டால்கன் ஷீல்டு என்ற சாதனத்தின் வால்நூல், பல மெல்லிய இழைகளைச் சேர்த்து ஓர் உறைக்குள் வைத்துச் செய்யப்பட்டிருந்ததால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுவதுபோல் கிருமிகளைக் கருப்பைக்குள் ஏற்றியது. அந்தச் சாதனம் சந்தையிலிருந்து போய்விட்டது, அதன் கெட்ட பெயர் மட்டும் அதற்குப் பின் வந்த எல்லாச் சாதனங்களின் மீதும் ஒட்டிக்கொண்டது. இன்றைய காப்பர்-டியின் நூல் ஒற்றை இழை.

தொற்று கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறி வருவதை இடுப்புக்குழி அழற்சி என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில் 22,908 பொருத்தல்களைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் லான்செட் இதழில் வெளியிட்ட கணக்கின்படி, அந்த அழற்சி ஆண்டுக்கு 1,000 பெண்களில் இரண்டு பேருக்கும் குறைவாகவே வந்திருக்கிறது. பொருத்திய முதல் 20 நாள்களில் மட்டும் அது பிற்காலத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் அதிகமாக இருந்தது; காரணம், கருப்பை வாயில் ஏற்கெனவே இருந்த கிருமியைப் பொருத்தும் செயலே உள்ளே தள்ளிவிடக்கூடும் என்பதுதான். அதனால்தான் கிளமிடியாவோ வெட்டை நோயோ இருக்கும் நேரத்தில் புதிதாகக் காப்பர்-டி போடக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். நீங்கள் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது வந்திருக்கும் தொற்றுக்காக அதை எடுக்க வேண்டியதில்லை. அது உள்ளே இருக்கும்போதே மருந்து வேலை செய்யும். அடிவயிற்றில் கடும் வலி, காய்ச்சல், வாந்தி என்று வந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அப்போதும்கூட முதலில் மருந்து கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாளில் குறைகிறதா என்று பார்த்துத்தான் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

கணவர் மருந்து சாப்பிடாமல் நீங்கள் மட்டும் சாப்பிடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போன்றது. அதை இன்னொரு பதிவில் விரிவாக எழுதுகிறேன்.

பதில் 2: கரூர் நண்பர்

ஒரு எச்சரிக்கை மட்டும். ஊசிக்கு மாறுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். ஊசி போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று 2011-லேயே செய்தித்தாள்களில் வந்தது. என் தங்கைக்கு நான் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன்.

பதில் 3: நோய்ப்பரவலியல் படிப்பவள்

கரூர் நண்பர் படித்த செய்தி உண்மையாகவே வந்த செய்திதான். ஆனால் கதை 2011-உடன் நின்றுவிடவில்லை. அதற்குப் பின் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் கேள்வி கேட்டவருக்கு அநியாயம் செய்ததாகும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த ஆய்வு, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத 3,790 ஆப்பிரிக்கத் தம்பதியரைப் பின்தொடர்ந்தது. ஹார்மோன் கருத்தடையைப் பயன்படுத்திய பெண்களிடம் தொற்று ஏறத்தாழ இரண்டு மடங்காகக் காணப்பட்டது. ஆனால் யார் ஊசி போட்டுக்கொள்வது, யார் போடாமல் இருப்பது என்பதை அந்தப் பெண்களே தேர்ந்துகொண்டார்கள். ஊசியைத் தேர்ந்துகொள்பவர், கர்ப்பக் கவலை தீர்ந்துவிட்டதால் ஆணுறையை விட்டுவிடக்கூடும். கணவர் ஆணுறைக்குச் சம்மதிக்காததாலேயே ஊசிக்கு வந்தவர்களும் உண்டு. அப்படியானால் கூடுதல் தொற்றுக்குக் காரணம் ஊசி மருந்தா, ஆணுறை இல்லாமையா? இத்தகைய ஆய்வுகளில் கணக்குப் போட்டு ஓரளவு சரிசெய்ய முடியுமே தவிர, முழுமையாகப் பிரிக்க முடியாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 819 பெண்களிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கிளமிடியா அல்லது வெட்டை நோய் வந்தது 3.6 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதையும் இதே ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கவே எக்கோ என்ற பெரிய சோதனையை நடத்தினார்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியா, எஸ்வத்தினி ஆகிய நான்கு நாடுகளில் 12 மையங்கள். 16 முதல் 35 வயது வரையுள்ள 7,829 பெண்கள். எல்லோரும் கருத்தடை வேண்டி வந்தவர்கள். அவர்களுடைய சம்மதத்தோடு, குலுக்கல் முறையில், ஒரு பங்கினருக்கு மூன்று மாத ஊசி, ஒரு பங்கினருக்குக் காப்பர் சாதனம், ஒரு பங்கினருக்குக் கையின் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் தீர்மானித்ததால், ஆணுறையைப் பயன்படுத்துபவர்களும் பயன்படுத்தாதவர்களும் மூன்று பங்கிலும் கலந்து விழுந்தார்கள். 2015-இல் தொடங்கி 2018 வரை நடந்த அந்தச் சோதனையின் முடிவு 2019 ஜூனில் வந்தது. நூறு பெண்களை ஓராண்டு கவனித்தால் எத்தனை பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. வந்தது என்று கேட்டால், ஊசியில் 4.19, காப்பர் சாதனத்தில் 3.94, குச்சியில் 3.31. புள்ளியியல் நோக்கில் இவற்றுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம், எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு மிகுந்த பெண்களும் இம்முறைகளில் எதையும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று தன் வழிகாட்டலை மாற்றியது. சோதனையின் பிற்பகுதியில் இந்தப் பெண்களிடம் கிளமிடியா, வெட்டை நோய்ப் பரிசோதனைகளும் செய்தார்கள். பால்டிமோர் ஆய்வு காட்டியது போன்ற மூன்று மடங்கு உயர்வு எதுவும் ஊசிப் பிரிவில் இல்லை.

இதில் என்னை உலுக்கிய எண் வேறு. சோதனையில் சேர்ந்த அன்றே அந்தப் பெண்களில் 18 விழுக்காட்டினருக்குக் கிளமிடியா இருந்தது. 5 விழுக்காட்டினருக்கு வெட்டை நோய் இருந்தது. நோய் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் அல்லர் அவர்கள். பிள்ளை இப்போது வேண்டாம் என்று வந்தவர்கள். சோதனைக் காலத்தில் எல்லோருக்கும் ஆணுறையும் ஆலோசனையும் திரும்பத் திரும்பக் கொடுத்தும் 397 பேருக்கு எச்.ஐ.வி. வந்தது. ஊசி நல்லதா, சாதனம் நல்லதா என்று உலகம் எட்டு ஆண்டுகள் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, கருத்தடைக்கு வரும் பெண்ணிடம் தொற்றைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை என்ற பெரிய ஓட்டை கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது.

மாத்திரையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கருப்பை வாயின் உட்புற மென்படலம் சற்று வெளியே விரிந்து தெரிவது வழக்கம். கிளமிடியா தங்குவது அந்தப் படலத்தில்தான் என்பதால், மாத்திரை சாப்பிடுபவர்களிடம் அது கூடுதலாகக் கண்டறியப்பட்டதாகப் பழைய ஆய்வுகள் சொல்லின. மறுபக்கம், மாத்திரையால் கருப்பை வாய்ச் சளி கெட்டிப்படுவதால் கிருமி மேலே ஏறுவது தடைபடலாம் என்ற கருத்தும் உண்டு. இந்த நுணுக்கங்களை வைத்து ஒருவர் முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்பது என் எண்ணம். மருந்துக் கடையில் விற்கும், நோனாக்ஸினால்-9 கலந்த, பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரையைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்வேன்: விந்தணுவைக் கொல்லும் அந்த வேதிப்பொருள் கிருமியையும் கொல்லும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள்; 2000-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் வெளியான சோதனை முடிவு அதற்கு நேர்மாறாக, அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் எச்.ஐ.வி. கூடியிருப்பதைக் காட்டியது. அது மென்படலத்தையே அரித்துவிடுகிறது.

கடைசியாக, உங்கள் மாமியாரிடம் சொல்ல ஒரு செய்தி: கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தைப் பயன்படுத்திய பெண்களிடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியளவே காணப்பட்டது என்று 2011-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

பதில் 4: திருப்பூர் மலர்

ஆபரேஷன்தான் பாதுகாப்பு என்று உங்கள் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் ஆபரேஷன் செய்தார்கள். அன்றோடு ஆணுறை என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. இனி எதற்கு என்றார் கணவர், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து வெள்ளைப்படுதலும் அரிப்பும் வந்தன. ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று முறை போனேன். மூன்று முறையும், படுக்க வைத்துப் பார்க்காமலேயே, பூஞ்சைக்கான மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். "ஆபரேஷன் ஆகிவிட்டதா, அப்படியானால் பயமில்லை" என்றுகூட அங்கே ஒருவர் சொன்னார். நான்காவது முறை வேறிடத்தில் பரிசோதித்தபோதுதான் டிரைக்கோமோனாஸ் என்ற பால்வினைத் தொற்று என்று தெரிந்தது. இருவருக்கும் மருந்து கொடுத்த பிறகுதான் நின்றது.

ஆபரேஷனில் கருக்குழாயைக் கட்டித் துண்டிக்கிறார்கள், அவ்வளவுதான். கருப்பை வாயும் பிறப்புறுப்பும் முன்பு இருந்தபடியேதான் இருக்கின்றன, கிருமிக்கு அவை போதும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்று வந்தது. பாதிக்கு மேற்பட்ட பெண்கள், முப்பது வயதுக்கு முன்பே பலர், கருத்தடைக்காக ஒரு செவிலியரையோ மருத்துவரையோ மறுபடி பார்க்க வேண்டிய தேவையே இல்லாதவர்களாக ஆகிவிடுகிறோம். ஊசி போடுபவராவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் நிற்கிறார், ஏதாவது சொல்ல வாய்ப்பு கிடைக்கிறது. எங்களை யார் கேட்கிறார்கள்?

அந்த அக்காவுக்கு நோய் வந்ததில்லை என்பதற்கு ஆபரேஷன் காரணமில்லை. அவருக்கு வராதிருந்தால் நல்லது. வந்தும் தெரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு.

பதில் 5: ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

மலர் சொன்ன கடைசி வரிதான் நான் எழுத நினைத்தது. கிளமிடியா வந்த பெண்களில் பத்துக்கு ஏழு பேருக்கு எந்த அறிகுறியும் இராது. எதிர்ப்பக்கமாகவும் சொல்ல வேண்டும்: வெள்ளைப்படுதல் என்று வருபவர்களில் பெரும்பான்மையோருக்குப் பால்வினைத் தொற்று இருப்பதில்லை. பூஞ்சை அல்லது பிறப்புறுப்பில் இயல்பாக உள்ள நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதுதான் காரணமாக இருக்கும். ஆகவே வெள்ளைப்பட்டால் நோய், படாவிட்டால் நோயில்லை என்ற கணக்கு இரண்டு பக்கமும் தவறுகிறது. உங்கள் மருத்துவர் மாதிரி எடுத்து அனுப்பியது மிக நல்ல காரியம்.

எந்த முறை தொற்றைத் தடுக்கும் என்று கேட்டீர்கள். ஊசி, மாத்திரை, காப்பர்-டி, ஆபரேஷன் நான்கும் கர்ப்பத்தைத் தடுப்பதில் ஆணுறையை மிஞ்சியவை. தொற்றைத் தடுப்பதில் இந்த நான்கும் சேர்ந்தாலும் ஓர் ஆணுறைக்கு ஈடாகாது. ஒவ்வொரு முறையும் தவறாமல் பயன்படுத்தினால் எச்.ஐ.வி. பரவலை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைக்கிறது. கிளமிடியாவுக்கும் வெட்டை நோய்க்கும் அது நல்ல காவல். புண், தோல் வழியாகப் பரவும் ஹெர்ப்பிஸ், சிபிலிஸ், மருக்கள் ஆகியவற்றில் மட்டும் உறை மூடாத இடத்தில் தொட்டாலும் வரக்கூடும் என்பதால் பாதுகாப்பு கொஞ்சம் குறைவு. எனவே காப்பர்-டியை விடாமல் அதோடு ஆணுறையையும் சேர்த்துக்கொள்வதுதான் உங்கள் நிலைமைக்கு ஏற்றது. நாங்கள் இதை இரட்டைப் பாதுகாப்பு என்போம்.

வேலை பார்த்த காலத்தில், இலவச ஆணுறை தரமில்லை, கிழிந்துவிடுகிறது என்று ஒரே தெருவில் நான்கைந்து பெண்கள் வரிசையாகச் சொன்னார்கள். ஒருத்தியை உட்கார வைத்து விசாரித்தபோதுதான், வறட்சிக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவது தெரியவந்தது. எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். அன்று ஓர் உறையில் எண்ணெய் தடவி அவள் கையிலேயே கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு இழுத்துப் பார் என்றேன், பிய்ந்து வந்தது. அதன் பிறகு அந்தத் தெருவில் புகார் இல்லை. வறட்சி இருந்தால் தண்ணீர் சார்ந்த ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும்.

கணவரைப் பற்றி. அவருக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆண்களிலும் பலருக்கு எரிச்சலோ ஒழுக்கோ இல்லாமலே இந்தக் கிருமி இருக்கும். சிறுநீர் மாதிரியிலேயே கண்டுபிடித்துவிடலாம். அவரை மருந்து கடைக்குத் தனியாக அனுப்பாமல், அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்துக்கு அனுப்புங்கள். பால்வினைத் தொற்றுக்கான இலவசச் சிகிச்சை அங்கே கிடைக்கும்; அதே வளாகத்தில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ளலாம். இருவரும் மருந்தை முடித்து ஏழு நாள் ஆகும்வரை உறவு வேண்டாம். மூன்று மாதம் கழித்து உங்களுக்கு மறுபடி பரிசோதனை அவசியம், ஏனென்றால் இது திரும்ப வருவது மிகச் சாதாரணம். எச்.ஐ.வி. பரிசோதனையையும் அப்போது ஒருமுறை செய்துகொள்ளுங்கள். இப்போதைய முடிவு அண்மையில் வந்த தொற்றைக் காட்டாமல் இருக்கலாம்.

பதில் 6: சங்ககிரி வாசகி

இத்தனை பொறுமையாக எழுதிய உங்கள் அனைவருக்கும் நன்றி. காப்பர்-டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஊசியா சாதனமா என்று கேட்டு வந்தவளுக்கு, இப்போது வேறொரு கேள்விதான் தூங்கவிடாமல் செய்கிறது. கிருமி இன்னொருவரிடமிருந்துதான் வர வேண்டும் என்றால், எனக்கு என் கணவரைத் தவிர யாருமில்லை. இது எப்போது வந்தது என்று பரிசோதனையில் தெரியுமா? அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில் 7: நோய்ப்பரவலியல் படிப்பவள்

எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. மருந்து கொடுக்காவிட்டால் கிளமிடியா பல மாதங்கள், சிலரிடம் ஓராண்டுக்கும் மேல், சத்தமில்லாமல் தங்கியிருக்கும். ஆகவே இந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு போன மாதம் என்ன நடந்தது என்று யாரும் தீர்ப்பு எழுத முடியாது. இதை அவருக்குச் சாக்காகச் சொல்லவில்லை, உண்மை அப்படி.

நீங்கள் தனி ஆளில்லை என்பதையும் சொல்ல விரும்புகிறேன். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது, அது பாலியல் தொழிலில் உள்ள பெண்களின் நோய் என்று ஊரே பேசியது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சென்னையில் சிகிச்சைக்கு வந்த பெண்களில் மிகப் பெரும்பான்மையோர், வாழ்நாளில் கணவர் ஒருவரை மட்டுமே அறிந்த மனைவிமார்கள். அவர்களுக்குக் கருத்தடை எது என்பது அங்கே ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

பதில் 8: ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

பேசும் முறையைக் கேட்டீர்கள் அம்மா. தொலைபேசியில் பேச வேண்டாம். வண்டி ஓட்டுபவரின் காதில் போடும் செய்தி இல்லை இது. அவர் வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்ட பிறகு, மாமியார் இல்லாத நேரத்தில் பரிசோதனைத் தாளை எடுத்து வைத்துப் பேசுங்கள். "யாரிடம் போனீர்கள்" என்று தொடங்கினால் பேச்சு சண்டையில் முடியும், மாத்திரை டப்பாவிலேயே கிடக்கும். "எனக்கு ஒரு தொற்று வந்திருக்கிறது, நீங்களும் பார்த்துக்கொள்ளாவிட்டால் எனக்குத் திரும்பத் திரும்ப வரும், கருக்குழாய் கெட்டுவிடும்" என்று தொடங்குங்கள். முதல் கேள்வியை நீங்கள் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை, கேட்க வேண்டியதுதான். மருந்து உள்ளே போன பிறகு கேளுங்கள். அவர் கைநீட்டுவார் என்ற பயம் இருந்தால் தனியாகப் பேசவே வேண்டாம், மையத்தின் ஆலோசகரிடம் சொல்லி அவரை வரவழைக்கச் சொல்லுங்கள். 1097 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

பதில் 9: சங்ககிரி வாசகி

அப்படிப்பட்டவர் இல்லை அம்மா, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துவிடுவார், அவ்வளவுதான். வியாழக்கிழமை வருகிறார். தாளை அலமாரியில் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை இருவரும் சுகவாழ்வு மையத்துக்குப் போவதாக நினைத்திருக்கிறேன்.

மாத்திரையில் ஒரு சந்தேகம். எனக்கு இரத்தசோகை இருப்பதால் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். இரண்டையும் ராத்திரி ஒன்றாகப் போட்டு ஒரு தம்ளர் பால் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். சரிதானே? இன்றோடு நான்கு நாள் ஆகிறது.

பதில் 10: ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

சரியில்லை, நல்ல வேளையாகக் கேட்டீர்கள். இரும்புச்சத்து டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது; பாலும் ஓரளவு அப்படித்தான். இரும்புச்சத்து மாத்திரையை இந்த மருந்து முடியும்வரை நிறுத்திவைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது உட்கார்ந்தோ நடந்தோ இருங்கள். விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். இன்னொன்று, "ராத்திரி" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சாதாரணமாக இதைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஏழு நாளுக்குத்தான் தருவார்கள். சீட்டை எடுத்துப் பாருங்கள். காலை வேளைக்கும் எழுதியிருந்தால், நாளைக்கே மருத்துவரிடம் போய், நான்கு நாள் ஒரு வேளை மட்டும், அதுவும் பாலோடும் இரும்போடும் சாப்பிட்டேன் என்று உள்ளபடி சொல்லி, முதலிலிருந்து தொடங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த முறை அடுத்தவரைக் கூப்பிட்டாலும் நாற்காலியை விட்டு எழுந்துவிடாதீர்கள்.